ஆல்பமே இல்லாத ஆல்பம் பாட்டு

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். ஒற்றைப் பாட்டு அது. கூடவே சேர்த்து விற்க இன்னும் ஐந்தாறு பாட்டு என்று எதுவும் வரவில்லை. ஆனாலும் 'இது எந்தப் படம்?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: 'படம் இல்லப்பா, ஆல்பம் பாட்டு.' ஆல்பம் என்றால் தொகுப்பு. ஒற்றைப் பாட்டை ஆல்பம் என்பது ஒற்றைப் பழத்தைத் தார் என்று சொல்வதற்குச் சமம். அப்படியும் கேட்டவர் யாரும் குழம்பவில்லை. 'ஆல்பம்' என்ற சொல்லுக்குத் தமிழில் தொகுப்பு என்ற பொருள் தேய்ந்து, 'சினிமாவில் வராதது' என்ற பொருள் எப்போதோ ஏறிவிட்டது. எந்த அகராதியும் சொல்லித் தராமலே அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஒருவர் கிதாரோடு அறைக்குள் உட்கார்ந்து, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி முதன்முதலாக வெளியிடும் தொகுப்பை ஆங்கிலத்தில் 'இண்டி ஃபோக்' டெப்யூ என்பார்கள். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று தேடப் போனால் 'ஆல்பம்' என்ற இந்தச் சொல்லில்தான் வந்து முட்டிக்கொள்கிறோம். இது எங்கே கிளம்பி இங்கே வந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், பக்கத்து நாடான பர்மாவில் இதே பண்டத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நடை பார்த்துவிடலாம்.

யாங்கோனிலிருந்து பாகோ ஆற்றைக் கடந்தால் தன்லியின். 1993-இல் பாலம் வந்த பிறகு கிட்டத்தட்ட யாங்கோனின் ஒரு பகுதி மாதிரி ஆகிவிட்ட ஊர். ஆங்கிலேயரின் வரைபடத்திலும் கம்பெனிக் கணக்கிலும் இதன் பெயர் சிரியம். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இங்கேதான் இருந்தது. தமிழர் குடும்பங்களும் தமிழர் கோயில்களும் இன்றும் இருக்கின்றன. இங்கே ஒரு பாடகர் தனியாளாக வெளியிடும் தொகுப்பைப் பர்மிய மொழியில் 'தகோடோ க்வே' என்பார்கள். 'தகோடோ' என்றால் தனியொருவர். அதன் நடுவில் இருக்கும் 'கோ' உடலையும் தன்னையும் குறிக்கும் சொல். பின்னால் மறுபடி வரப்போகிறது. 'க்வே' என்றால் சுருள், வளையம். கயிற்றைச் சுற்றி வைத்தாலும் க்வே, ஒலிநாடாவும் க்வே. கேசட்டுக்கு 'தேப் க்வே' என்று பெயர் வந்தது. பிறகு கேசட் போய் வட்டத் தகடு வந்தபோது, அதில் சுருள் எதுவும் இல்லாவிட்டாலும், சி.டி. க்வே, படத்தின் க்வே என்று அதே சொல் தொடர்ந்தது.

கேசட்டுக்கும் முந்தைய கிராமபோன் தட்டுக்குப் பர்மியர் வைத்த பெயர் இன்னும் ரசமானது: 'தாட் ப்யா'. 'ப்யா' என்றால் தட்டையானது. நாம் 'இசைத்தட்டு' என்று சொன்ன அதே பார்வை. 'தாட்' என்பது பாலி மொழியின் 'தாது'. நம்மிடம் தாது என்றால் உலோகம், உடலின் ஏழு தாது, தாதுபுஷ்டி லேகியம் என்று போகும். பௌத்தத்தில் புத்தரின் உடல் எச்சமும் தாதுதான். தன்லியினின் சைக்காவ் பகோடாவில் புத்தரின் கேசதாது இருப்பதாக நம்பிக்கை. பொருளுக்குள் ஒளிந்திருக்கும் சக்தி என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு பர்மியர்கள் மின்சாரம் முதலான புது நுட்பங்களுக்கெல்லாம் 'தாட்' சேர்த்தார்கள். புகைப்படம் 'தாட் பௌன்' ஆனது, பாடும் தட்டு 'தாட் ப்யா' ஆனது. கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் 1902-03-இல் கிழக்கு நாடுகளைச் சுற்றி ஒலிப்பதிவு செய்தபோது கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார், பல ஊர் சுற்றி ரங்கூனுக்கும், அதாவது இன்றைய யாங்கோனுக்கும், வந்தார். செத்தவர் எச்சத்துக்கும் இருப்பவர் குரலுக்கும் ஒரே சொல்லைப் பொருத்திய மொழிக்காரர்களுக்குக் கிராமபோன் என்றால் என்ன என்பது நம்மைவிட நன்றாகப் புரிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாம் தட்டின் வடிவத்தோடு நின்றுவிட்டோம்.

இனி ஆல்பத்துக்கு வருவோம். லத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் நீதிபதியின் ஆணைகளையும் அரசு அறிவிப்புகளையும் சுண்ணம் பூசிய வெள்ளைப் பலகையில் எழுதிப் பொது இடத்தில் வைப்பார்கள். அந்தப் பலகைதான் 'ஆல்பம்'. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் வெற்றுத்தாள் நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள்; வெள்ளைத்தாள் என்பதால் அதுவும் ஆல்பம். நம் பள்ளிக்கூடங்களில் கடைசி நாளன்று நீட்டப்படும் ஆட்டோகிராஃப் புத்தகத்தின் பாட்டனார் அவர். பிறகு தபால்தலை, அதன் பிறகு புகைப்படம்.

பாட்டு இந்தச் சொல்லுக்குள் வந்தது இடநெருக்கடியால். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், பெரிய தட்டென்றால் நாலரை நிமிடம்தான் கொள்ளும். ஒரு முழு சிம்பொனியைப் பதிவு செய்தால் நாலைந்து தட்டாவது வேண்டும். அவற்றை நட்டநடுவில் வட்ட ஓட்டை வைத்த கெட்டித்தாள் உறைகளில் போட்டு, உறைகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, மேலே கெட்டி அட்டை கட்டி விற்றார்கள். மடியில் வைத்துப் புரட்டினால் அசல் போட்டோ ஆல்பம்தான். அதனால் அதே பெயர். 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கே இருபது நிமிடத்துக்கு மேல் பாடும். ஐந்து தட்டின் சரக்கு ஒரே தட்டில் அடங்கியதும் தைத்த புத்தகத்துக்கு வேலை போயிற்று. பெயர் மட்டும் இடம் மாறி அந்த ஒற்றைத் தட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் உடனே ஒட்டவில்லை. நாடகத்தையும் கதாகாலட்சேபத்தையும் பல தட்டுகளில் வெளியிட்டபோது 'செட்' என்றார்கள். எல்.பி. வந்தபோது எல்.பி. என்றே சொன்னார்கள். நாடா வந்தபோது எல்லாமே 'கேசட்'. ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம்தான்: கறுப்பு அட்டை, இடையிடையே சிலந்திவலை வார்ப்பு வைத்த மெல்லிய தாள், நாலு மூலையிலும் ஒட்டும் முக்கோணம். விருந்தாளி வந்தால் காபியோடு அதுவும் வந்துவிடும்.

பெயர்தான் தாமதமாக வந்ததே தவிர, சினிமா அல்லாத பாட்டுக்குத் தமிழில் அதற்கு முன்பே ஒரு நல்ல சொல் இருந்தது. மெல்லிசை. இது காணாமல் போன கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். நேயர்கள் என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம்: முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்க வானொலி நிலையங்களே மெல்லிசைப் பிரிவுகளைத் தொடங்கின. கவிஞர்களிடம் பாட்டு வாங்கி, நிலையத்து வித்துவான்களை வைத்து மெட்டமைத்து ஒலிபரப்பினார்கள். கர்நாடக சங்கீதமும் கிடையாது, சினிமாவும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை. இந்தியில் 'சுகம் சங்கீத்', தமிழில் 'மெல்லிசை'. கிட்டத்தட்ட அரசாங்கம் சம்பளம் கொடுத்து வளர்த்த தனியிசை என்று சொல்லலாம். 1957-இல் விவித் பாரதி தொடங்கிச் சினிமாப் பாட்டு வானொலிக்குத் திரும்பியபோது அதன் முதல் தேவை தீர்ந்தது. நிகழ்ச்சி மட்டும் பல காலம் ஓடியது.

சொல் மட்டும் வேறு வீட்டுக்குக் குடிபோனது. 1963-இல் சென்னையில் எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் டி.கே. ராமமூர்த்திக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம் கொடுத்தார்கள். பொருத்தமான பட்டம்தான், அதில் வழக்கில்லை. ஆனால் இருவரும் சினிமா இசையமைப்பாளர்கள். சினிமாவுக்கு மாற்றாக அரசாங்கம் தேர்ந்தெடுத்த சொல் சினிமாவின் தலையில் கிரீடமாகிவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் 'மெல்லிசைக் குழு' என்று பேனர் கட்டினால், மேடையில் சினிமாப் பாட்டு மட்டுமே பாடப்படும் என்பது எழுதாத ஒப்பந்தம். யாராவது அங்கே போய் வானொலி மெல்லிசைப் பாட்டு ஒன்றைப் பாடியிருந்தால் ஊர்க்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

இதற்கு வெளியே நின்ற பாட்டுகளும் உண்டு. நாகூர் ஹனீபாவை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்லாமியப் பாட்டும் திராவிட இயக்கப் பாட்டுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் பாடினார். அவருடைய கூட்டத்துக்குச் சினிமா தேவைப்படவில்லை. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் விடிந்தால் எத்தனை வீட்டில் ஒலித்தது என்பதற்குக் கணக்கே இல்லை. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் நாட்டுப்புறப் பாட்டுகளை ஊர் ஊராகச் சேகரித்து மேடையேற்றினார். ஆங்கில அளவுகோலில் இவர்கள் எல்லோரும் 'இண்டி'க்கு உரியவர்கள். ஆனால் யாரும் இவர்களை ஒரே பெயரில் சேர்க்கவில்லை. பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு என்று பயன்பாட்டை வைத்துத்தான் பெயர். எதற்குமே உதவாமல், சும்மா ஒருவர் தன் மனசுக்குத் தோன்றியதைப் பாடினால் அதற்குத்தான் பெயர் இல்லாமல் இருந்தது.

ஈழத்தில் நிலைமை வேறு. அங்கே சினிமாத் தொழில் மலையாகக் குறுக்கே நிற்கவில்லை. 1960-களில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிதாரை எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில், கள்ளுக்கடையையும் மாமி மகளையும் பற்றிக் கேலியும் கும்மாளமுமாகப் பாட்டுக் கட்டினார். தானே எழுதி, தானே பாடினார். தனியாள், கிதார், சொந்தப் பாட்டு என்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால் நாம் பெயர் தேடும் இண்டி ஃபோக்குக்கு மிக நெருங்கிய தமிழர் அவர்தான் என்பேன். ஈழத்தவர் அதற்கு வைத்த பெயர் 'பொப்பிசை'. 'பாப்' என்று நாம் வாயைத் திறக்கும் இடத்தில் அவர்கள் 'பொப்' என்று குவிப்பார்கள். ஏ.ஈ. மனோகரன் வந்து அதைக் கடல் கடத்தினார்.

அந்தப் பொப்பிசையின் தாளம் பைலா. போர்ச்சுகீசியரோடு இலங்கைக்கு வந்து, பறங்கியர் வீடுகளிலும் ஆப்பிரிக்க வழிவந்த காப்பிரி மக்களின் கொண்டாட்டங்களிலும் வளர்ந்த ஆட்டம். 'பறங்கி' என்ற சொல்லை இங்கே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பாரசீகத்தின் 'ஃபரங்கி' தமிழில் பறங்கியாகி, இலங்கையில் ஒரு சமூகத்தின் பெயரானது. அதே சொல் பர்மாவில் 'பயிங்ஜி' ஆனது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியத்தை, அதாவது இன்றைய தன்லியினை, ஃபிலிப் டி பிரிட்டோ என்ற போர்ச்சுகீசியர் பிடித்து வைத்து ஆண்டார். 1613-இல் பர்மிய அரசர் அனௌக்பெத்லுன் ஊரைப் பிடித்து அவரைக் கொன்றார். உடனிருந்த போர்ச்சுகீசியரைச் சிறைப்பிடித்து வடக்கே கொண்டுபோய்க் குடியேற்றினார். அவர்களுடைய வழித்தோன்றல்கள்தான் பயிங்ஜி. இலங்கைக்கு வந்த பறங்கி பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். தன்லியினுக்கு வந்தவன் ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

இப்போது 'இண்டி'. இந்தக் குட்டிச் சொல் 'இண்டிபெண்டன்ட்' என்பதன் வால் நறுக்கு. முதலில் அது வியாபாரச் சொல். பாட்டின் பாணியோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெரிய இசைத்தட்டுக் கம்பெனியைச் சாராதது, அவ்வளவுதான். 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, தெரிந்தவர்களிடம் கடன் வாங்கி நாலு பாட்டைத் தாங்களே தட்டடித்து விற்றது. 1980-இல் பிரிட்டனில் 'இண்டி' விற்பனைப் பட்டியல் தனியாகத் தொடங்கியது. அதில் இடம்பெறத் தட்டு எந்த வழியாகக் கடைக்கு வந்தது என்பதே கேள்வி. பாட்டு எப்படி இருந்தாலும் சரி. 1986-இல் ஒரு லண்டன் இசைப் பத்திரிகை இருபத்திரண்டு குழுக்களின் பாட்டை ஒரே கேசட்டில் தொகுத்து 'சி86' என்று வெளியிட்டது. கிதாரைக் கிணுகிணுவென்று மீட்டி, கூச்சத்தோடு பாடும் ஒரு சாயல் அந்தக் கேசட்டிலிருந்து 'இண்டி'யோடு ஒட்டிக்கொண்டது. கடைவழியின் பெயர் குரல்வழியின் பெயரானது.

அதே 1986-இல்தான் இளையராஜா, வி.எஸ். நரசிம்மனின் வயலினை முன்னால் நிறுத்தி, தியாகராஜரையும் பாஃகையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதன் பெயரே 'ஹவ் டு நேம் இட்?' சினிமாவில் இல்லாத, பாட்டே இல்லாத, எந்த அலமாரியிலும் அடங்காத இசைக்கு என்ன பெயர் வைப்பது என்ற தொல்லையை அப்படியே தூக்கித் தலைப்பாக வைத்துவிட்டார். கடைக்காரர் அதை 'இளையராஜா கேசட்' என்று சொல்லி விற்றார். பிரச்சினை தீர்ந்தது.

மேற்கில் 'இண்டி'யும் 'ஃபோக்'கும் சேர்ந்து ஒரே ஆளிடம் வந்து நிற்கும் கதைக்கு எல்லோரும் காட்டுவது ஜஸ்டின் வெர்னனை. 2006-இல் அவருடைய குழு உடைந்தது, காதலும் முறிந்தது. உடம்பில் சுரப்பிக் காய்ச்சல் வந்து கல்லீரலையும் பிடித்தது. வடகரோலினாவை விட்டு, சொந்த மாநிலமான விஸ்கான்சினில் அப்பாவுடைய வேட்டைக் குடிலுக்குப் போனார். பனிக்காலம் முழுக்கத் தனியாக, விறகு வெட்டி, தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு கோஷ்டியை உண்டாக்கினார். 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' என்ற அந்த முதல் தொகுப்பை 2007-இல் அவரே ஐந்நூறு பிரதி போட்டார். 2008-இல் ஒரு கம்பெனி எடுத்து வெளியிட்டது. தனக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் 'பான் ஈவேர்'. படுத்த படுக்கையாகப் பார்த்த ஒரு தொலைக்காட்சித் தொடரில் முதல் பனி விழுந்ததும் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் பிரெஞ்சில் 'நல்ல பனிக்காலம்' என்று வாழ்த்திக்கொள்வார்கள். காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். சரியான எழுத்துக்கூட்டல் பிறகு தெரிந்தது. அதில் முன்னால் ஒரு 'ஹ' உண்டு. அதைச் சேர்த்துப் பார்த்தால் 'லிவர்' என்ற ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்தது. கல்லீரலோடு பட்ட பாடு போதும் என்று 'ஹ'வை விட்டுவிட்டார்.

இந்த இசையை 'நாட்டுப்புற இசை' என்று தமிழில் பெயர்க்கப் பார்த்தால் உடனே உதைக்கும். நமக்கு நாட்டுப்புறப் பாட்டு என்றால் ஆசிரியர் பெயர் தெரியாதது, நாற்று நடும்போதோ ஒப்பாரி வைக்கும்போதோ பலர் வாயிலும் புழங்கியது. அங்கே பாடகர் பாப் டிலன் காலத்துக்குப் பிறகு 'ஃபோக்' என்றால் கிதாரும் ஒற்றைக் குரலும், அதுவும் தன் சொந்தக் கதையைச் சொல்வது. ஊர்ப் பாட்டு தனியாள் பாட்டாகிவிட்டது. பொருள் நேர் எதிர்த் திசைக்குப் போய்விட்டது. முதல் வெளியீட்டைக் குறிக்கும் 'டெப்யூ' என்ற சொல்லுக்கு மட்டும் நமக்குப் பஞ்சமே இல்லை. மாதவிக்கு இளங்கோ ஒரு காதை முழுக்க அரங்கேற்றம் வைத்திருக்கிறார். பர்மியரும் 'ப்வே' என்ற தங்கள் ஆட்டபாட்ட நிகழ்ச்சியை வைத்தே, ப்வேயில் முதன்முதலாகப் புறப்படுவது என்று சொல்கிறார்கள்.

பெயர் வைக்கும் உரிமை பாடுகிறவரிடம் இருப்பதில்லை என்பதற்குச் சுசீலா ராமன் சாட்சி. தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் 1973-இல் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 2001-இல் வந்த 'சால்ட் ரெயின்' அவருடைய முதல் தொகுப்பு. தியாகராஜரையும் தீட்சிதரையும் சபா மேடையின் வேகத்திலிருந்து இறக்கி, கிதாரும் தபலாவும் நிழல்போலப் பின்னால் வர, தாழ்ந்த கனத்த குரலில் பாடியிருப்பார். பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. தனியாள், முதல் தொகுப்பு, சூழ்ந்துகொள்ளும் இசை என்று எல்லா இலக்கணமும் பொருந்தியும் கடையில் அதை வைத்தது 'வேர்ல்ட் மியூசிக்' அலமாரியில். அந்தப் பெயருக்குப் பிறந்த தேதியே உண்டு. 1987 ஜூன் 29 அன்று லண்டனில் 'எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா' என்ற மதுக்கடை மாடியில் சின்னச் சின்ன இசைக் கம்பெனிக்காரர்கள் கூடி, ஆங்கிலம் அல்லாத தட்டுகளைக் கடையில் எங்கே வைப்பது என்ற சிக்கலுக்கு ஓட்டெடுத்து முடிவு செய்த பெயர் அது. விஸ்கான்சின் குடிலில் பாடினால் ஃபோக். தஞ்சாவூர்க் கீர்த்தனையைப் பாடினால் உலகம். எந்த உலகத்தில் விஸ்கான்சின் இல்லையோ தெரியவில்லை.

மறுபடி யாங்கோனுக்கு வருகிறேன். அங்கே பாட்டைப் பிரிக்கும் கோடு சினிமாவைச் சுற்றிப் போடப்படவில்லை. கம்பெனியைச் சுற்றியும் இல்லை. 1970-களில் மேற்கத்திய வாத்தியங்களோடு, நாடாவில் பதிவாகிப் பரவிய புதுப்பாட்டுக்கு 'ஸ்டீரியோ' என்றே பெயர். கருவியின் பெயர் பாட்டின் பெயரானது. அதில் பெரும்பகுதி 'காப்பி தச்சின்'. 'தச்சின்' என்றால் பாட்டு. ஆங்கில, சீன, ஜப்பானியப் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்துப் பர்மியச் சொற்களைப் பொருத்துவது. நாடு கதவடைத்துக் கிடந்தது. அசல் தட்டு வந்து சேருவதே அபூர்வம். 1914-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் பதிப்புரிமைக்கு இருந்தது; 2019-இல்தான் புதுச் சட்டம் இயற்றினார்கள். ஆகவே காப்பி என்று சொல்லிக்கொள்வதில் அங்கே கூச்சம் கிடையாது, நல்ல காப்பிப் பாட்டு எழுதுகிறவருக்கு மரியாதையே உண்டு. இதற்கு எதிர்ப்பதம் 'கோபைன் தன்ஸின்': சொந்த மெட்டு. முன்பு தகோடோவில் பார்த்த அதே 'கோ' இங்கேயும் வருகிறது. 2004-இல் மறைந்த பாடகர் தூ எய்ன் தின் மாதிரியானவர்கள் சொந்த மெட்டின் பக்கம் நின்றவர்கள்.

அதற்காகக் காப்பியை மட்டம் தட்டிவிட முடியாது. ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சியில் யாங்கோன் தெருவெல்லாம் ஒலித்து, 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு மறுபடி லட்சக்கணக்கானவர் வாயில் வந்த 'கபா மக்யே பூ' என்ற பாட்டின் மெட்டு, கான்சாஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 1977-ஆம் ஆண்டு கிதார்ப் பாட்டினுடையது. சொற்கள் நைங் மியன்மா எழுதியவை. 'ஃபோக்' என்ற சொல்லின் பழைய பொருளை வைத்துப் பார்த்தால், ஊரே பாடும் பாட்டு என்ற கணக்கில், அந்தக் காப்பிதான் நாட்டுப்புறப் பாட்டு.

ஆக, ஒவ்வொரு மொழியும் தனியாளின் பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது அது எதை எதிர்த்து நிற்கிறதோ அதை வைத்தே வைக்கிறது. ஆங்கிலேயனுக்குக் கம்பெனி, பர்மியருக்கு இரவல் மெட்டு, நமக்குச் சினிமா. 'ஆல்பம் பாட்டு' என்று நாம் சொல்லும்போது அந்தப் பாட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதில் கதாநாயகன் இல்லை என்று மட்டும் சொல்கிறோம்.

பத்திரிகைகள் இப்போது 'சுயாதீன இசை' என்று எழுதுகின்றன. வடமொழி 'ஸ்வாதீனம்' தமிழில் நெடுங்காலமாக இருக்கும் சொல்தான், ஆனால் இருப்பது பத்திரப் பதிவு அலுவலகத்தில். கிரயப் பத்திரத்தில் 'மேற்படி சொத்தைத் தங்கள் சுவாதீனத்தில் விட்டுவிட்டேன்' என்று வரும். கைவசம், அனுபோகம் என்று பொருள். 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்றால் புத்தி தன் கைவசம் இல்லாதவர். பர்மியரின் 'கோபைன்' சொல்வதும் இந்தச் சொந்தக் கைவசத்தைத்தான். எனக்கு இந்தச் சொல் பிடிக்கிறது. பேச்சில் ஒட்டுமா என்றுதான் சந்தேகம். 'அண்ணே, சுயாதீனப் பாட்டு ஒண்ணு போடுங்க' என்று இதுவரை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

'ஆல்பம்' எந்த வழியாகப் பேச்சுக்குள் வந்தது என்றால் ஆடியோ கடைகளும் கேபிள் டி.வி.யும் சேர்ந்து கொண்டுவந்தன. 1990-களில் மால்குடி சுபா, சுரேஷ் பீட்டர்ஸ் போன்றவர்களின் தமிழ்ப் பாப் கேசட்டுகள் வந்தன. 1997-இல் ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' வந்தபோது அதைப் படமாக்கி டி.வி.யில் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அது சினிமா மாதிரி இருந்தது, ஆனால் சினிமா இல்லை. அந்த இல்லாமைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் சென்னையில் சி.டி. வாங்க எல்லோரும் போன இடம் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பர்மா பஜார். பர்மாவில் கடைகள் தேசியமயமாகி வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உண்டான கடைவீதி அது. டேப்ரெக்கார்டரும் வெற்றுக் கேசட்டும் அங்கேதான் மலிவு. அசலும் காப்பியும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும்.

'ஆல்பம்' என்ற சொல்லும் மெல்லிசை போன வழியில் போகத் தொடங்கிவிட்டது. சினிமா ரசிகர்கள் 'ஆல்பமே ஹிட்டு' என்றால் ஒரு படத்தின் ஆறு பாட்டும் ஹிட் என்று பொருள். 'ஆல்பம் பாட்டு' என்றாலோ படத்தில் இல்லாதது. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள். மனோகரனின் 'சுராங்கனி' 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் ஏறியது. இன்று பலருக்கு அது சினிமாப் பாட்டு. ஹிப்ஹாப் தமிழா ஆதியின் 'வாடி புள்ள வாடி' யூடியூபில் ஆல்பம் பாட்டாகப் பெயரெடுத்த பிறகு 2017-இல் 'மீசைய முறுக்கு' படத்துக்குள் போனது. இப்போதெல்லாம் பெரிய ஆடியோ கம்பெனிகளே சினிமா நடிகர்களை வைத்து, சினிமா நடன இயக்குநரை வைத்து, சினிமாச் செலவில் 'ஆல்பம் பாட்டு' எடுக்கின்றன. குடிலில் தனியாக உட்கார்ந்து பாடுகிறவருக்கு நாம் சீக்கிரம் வேறொரு பெயர் தேட வேண்டியிருக்கும்.